தாய் வரும் வரை



சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு ஒரு பையன் காலணிப் பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு குருவிக் குஞ்சு. "அண்ணா, எங்க தாமான்ல வேலி ஓரமா கிடந்துச்சு. பறக்கத் தெரியல. பாவம்னு எடுத்துட்டு வந்துட்டேன். பால் கொடுக்கலாமா?" என்று கேட்டான்.

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. அவன் வயதில் நானும் இதையேதான் செய்தேன். எங்கள் செம்பருத்தி வேலிக்குக் கீழே தத்திக்கொண்டிருந்த மெர்பா குஞ்சை எடுத்து, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினேன். காலையில் அது செத்துக் கிடந்தது. அதைவிட இன்னொன்று என்னை இன்றுவரை உறுத்துகிறது. அன்று சாயங்காலம் முழுக்க ஒரு பெரிய குருவி வேலியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. ஏன் கத்துகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. புண்ணியம் செய்வதாக நினைத்து, தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்திருந்தேன்.

திருச்சி மலைக்கோட்டையில் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர். கதை உங்களுக்குத் தெரியும்தானே? இரத்தினாவதிக்குப் பிரசவ நேரம். காவிரியில் வெள்ளம், அவள் தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. இறைவனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து, பெற்ற தாய் வந்து சேர்ந்ததும் மறைந்துவிட்டார்.

நாம் முதல் பாதியைத்தான் அதிகம் பேசுகிறோம். இரண்டாம் பாதியையும் கவனியுங்கள். தாய் வர முடியாதபோது வந்தவர், தாய் வந்ததும் விலகினார். விலகத் தெரிவதும் கருணைதான்.

ஆகவே குஞ்சைக் கண்டால், கை நீட்டுவதற்கு முன் கண்ணால் பாருங்கள்.

உடம்பில் இறகு இல்லை, கண் திறக்கவில்லை என்றால், அது கூட்டிலிருந்து விழுந்தது. மேலே கூடு இருக்கிறதா என்று தேடி, மெதுவாகத் திருப்பி வையுங்கள். "மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காது" என்று பாட்டிகள் சொல்வார்கள், அது உண்மையல்ல. கூடு சிதைந்திருந்தால், தண்ணீர் வடியும்படி ஓட்டையுள்ள சின்னக் கூடையை அதே மரத்தில் கட்டி, உள்ளே காய்ந்த புல் போட்டு வைக்கலாம்.

உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், தத்தித் தத்திப் போகிறது என்றால், அது பறக்கப் பழகும் பிள்ளை. பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும். விட்டுவிடுங்கள். பூனை, கார் ஆபத்து இருந்தால் அருகிலுள்ள செடிக்குள் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நாம் பக்கத்தில் நின்றால் தாய் இறங்காது.

ரத்தம் வருகிறது, இறக்கை தொங்குகிறது, பூனை கடித்திருக்கிறது என்றால், இப்போதுதான் பெட்டி தேவை. காற்றுத் துளையிட்ட பெட்டியில் துணி விரித்து, இருட்டான, அமைதியான இடத்தில் வையுங்கள். பால், ரொட்டி வேண்டாம். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே பெர்ஹிலித்தானையோ கால்நடை மருத்துவரையோ அழையுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அந்தப் பையனின் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தது, காயம் ஒன்றுமில்லை. வகுப்பை நண்பரிடம் விட்டுவிட்டு, அவனோடு அவன் தாமானுக்குப் போனேன். எடுத்த இடத்திலேயே செடிக்குள் வைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். "வராதா அண்ணா?" என்றான். எனக்கும் பயம்தான். அரை மணி நேரம் தாண்டிய பிறகு, அலகில் ஒரு பூச்சியோடு தாய் வந்து இறங்கியது. குஞ்சு வாயைப் பிளந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த மாதம் நம் கோயிலில் கோத்தோங் ரோயோங். மரக்கிளை வெட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கத்தியை எடுக்குமுன் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இருந்தால், அந்தக் கிளையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள்.

சிவசிவ.