ஒதுக்கி வைத்த பொட்டலங்கள்

மெர்சிங்கில் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஜோகூரின் கிழக்குக் கரையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற மீன்பிடி ஊர் அது. தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் பலர் இங்கேதான் படகு ஏறுகிறார்கள். கடல் வற்றினால் ஆற்று முகத்தில் படகு போகாது, நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் என்ன செய்வான்? சாப்பிடுவான். காலையில் நாசி டாகாங், மமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும், சாயங்காலம் எண்ணெயில் பொரித்த கெரோபோக் லேக்கோர், ராத்திரி சீனர் கடைகளில் மீனும் இறாலும். அவ்வளவுதான்.

ஆனால் யாரும் இந்தப் பதிலுக்காகக் கேட்பதில்லை. குளுவாங்கில் இருந்து ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போகிற சாலை எனக்குப் பழக்கம் என்பதால் நண்பர்கள் என்னிடம் கேட்பது வேறு மாதிரி இருக்கும். "டூரிஸ்ட் கடை வேணாம்டா. உள்ளூர்க்காரங்க சாப்பிடுற இடமா சொல்லு." நம் தலைமுறை எந்த ஊருக்குப் போனாலும் கேட்கிற கேள்வி இது. நானும் கேட்கிறவன்தான். இதற்குள் ஒரு அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது என்று கொஞ்ச நாளாகத் தோன்றுகிறது.

முதலில் "உள்ளூர்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ரொட்டி சானாய் தமிழ் முஸ்லிம்கள் கொண்டுவந்த பரோட்டாவின் பங்காளி. சானாய் என்பது சென்னையில் இருந்து வந்த பெயர் என்பார்கள் சிலர், மாவைத் தேய்த்து விரிப்பதற்கான மலாய்ச் சொல் என்பார்கள் சிலர். நாசி டாகாங் திரங்கானு, கிளந்தான் பக்கத்துச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, அதில் வெந்தயம், கூடவே சூரை மீன் குழம்பு. டாகாங் என்றால் வணிகம். பழைய மலாயில் அந்தச் சொல்லுக்கு அந்நியன், ஊர்விட்டு வந்தவன் என்றும் பொருள் உண்டு. உள்ளூர் உணவு என்று நாம் தேடிப் போவதே வந்தேறியின் சோறுதான். எல்லாவற்றின் மேலும் ஊற்றுகிற சம்பாலின் மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. மரவள்ளியும் அப்படியே. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில், அரிசி கிடைக்காமல், தோட்டத்துச் சனங்கள் அந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். அதே கிழங்கை இன்று "பாரம்பரியப் பலகாரம்" என்று பொட்டலத்தில் விற்கிறார்கள். அதே மெர்சிங் மாவட்டத்தில் எண்டாவ் காட்டோரம் கம்போங் பெத்தாவில் ஜக்கூன் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். ஊருக்கே மூத்தவர்களான அவர்களுடைய சாப்பாட்டை டவுனில் எந்தக் கடைப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

ஆக, மூலத்தைத் தேடிப் போனால் உள்ளூர் என்பது கையில் நிற்காது. பெருவின் கூஸ்கோ நகரம் இதற்கு நல்ல உதாரணம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இன்காக்களின் பழைய தலைநகரம். அங்குள்ள பேராலயத்தில் மார்கோஸ் சபாத்தா 1753 வாக்கில் வரைந்த இயேசுவின் கடைசி விருந்து ஓவியம் இருக்கிறது. மேசை நடுவில் தட்டில் கிடப்பது ஆண்டீஸ் மக்கள் விருந்துக்குச் சமைக்கும் கூய், அதாவது கினிப் பன்றி என்றே பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். வெளியில் இருந்து வந்த மதம் உள்ளூர்த் தட்டில் உட்கார்ந்துவிட்டது. இன்று கூஸ்கோ போகிற பயணிகளும் அதே கூயைக் கேட்டு வாங்கி, படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். ஆண்டீஸின் இன்னொரு தானியமான கீன்வாவுக்கு 2013-ஐ ஐ.நா. சர்வதேச ஆண்டாக அறிவித்தது. உலகமே வாங்க, விலை பல மடங்கு ஏறியது. விளைவிக்கிறவர்களே இனி அதைச் சாப்பிட முடியாதே என்று பலர் வருந்தினார்கள். விலை ஏறியதால் அதே விவசாயிகளுக்கு வருமானமும் கூடியது என்றார்கள் வேறு சிலர். கொஞ்ச வருடத்தில் விலை விழுந்தபோது அடிபட்டவர்களும் அவர்களே. தூரத்தில் இருப்பவனின் ஆசை ஒரு ஊரின் தட்டை மாற்றும். அது நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது.

மெர்சிங்கில் இதை நான் சின்ன அளவில் பார்த்தேன். சாலையோரம் மேசை போட்டு ஒரு மக்சிக் நாசி டாகாங் விற்பார். இரண்டு பானை சோறு. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு சனிக்கிழமை எட்டு மணி வாக்கில் நானும் நண்பனும் போனபோது, இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்த ஒரு பயணிக் கூட்டம் எங்களுக்கு முன்னால் நின்றது. மக்சிக் "ஹாபிஸ்" என்றார். முடிந்துவிட்டது. ஆனால் மேசைக்குக் கீழே கூடையில் பொட்டலங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். "அது என்ன?" என்று கேட்டார்கள். "ஆள் இருக்கு" என்றார். எதிரே இருந்த மமாக் கடையைக் கை காட்டி, அங்கே ரொட்டி நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். அவர்கள் முணுமுணுத்தபடி போனார்கள்.

நண்பனுக்குக் கோபம். "இது என்னடா நியாயம்? பணம் குடுக்கிறேன், வரிசையில நிக்கிறேன். பொருள் இருக்கு, ஆனா எனக்கு இல்ல. அவங்களுக்கு வேண்டியவங்களுக்கு மட்டும்தான்னா அதுக்குப் பேரு கடையா?"

இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. காசு கொடுக்கிற எவனும் உட்காரலாம், முதலில் வந்தவனுக்கு முதலில் என்பது சும்மா கிடைத்த நியதி இல்லை. நம் ஆட்கள் அதற்காகத் தெருவில் நின்றிருக்கிறார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கச் சொல்லி 1957-இல் பெரியார் போராட்டம் நடத்தினார். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த கிராமங்களின் கதை நமக்குத் தெரியும். அந்த வரலாற்றில் இருந்து வருகிறவனுக்கு, பணத்துக்கு முகம் தெரியாது என்பதே ஒரு விடுதலை. "நம்மாளுக்கு முதல்ல" என்று யார் சொன்னாலும் அவன் நிமிர்ந்து பார்ப்பான். பார்க்கவும் வேண்டும்.

அப்படியானால் மக்சிக்கின் கூடைக்கும் அந்தப் பலகைக்கும் என்ன வித்தியாசம்?

மமாக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்பதரைக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படகுத்துறையில் மூட்டை தூக்குகிற ஒரு மலாய்க்காரர். லுங்கியோடு ஒரு தமிழ் லோரி டிரைவர். சைக்கிளில் ஒரு சீனக் கிழவர், அவர் வாங்கியது இரண்டு. யாரும் முன்கூட்டிச் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. வருவார்கள் என்று மக்சிக்குக்குத் தெரியும். இவர்கள் வேலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க விடாது.

பலகை பிறப்பைக் கேட்டது. பிறப்பை மாற்ற முடியாது, அதனால் அந்தக் கதவு என்றைக்கும் திறக்காது. கூடை கேட்டது பழக்கத்தை. இதற்கு நான் வைத்திருக்கிற சோதனை எளிமையானது: நாளைக்கும் நாளன்றைக்கும் வந்தால் நானும் அந்தக் கூடைக்குள் வர முடியுமா? முடியும் என்றால் அது உறவு. எத்தனை நாள் வந்தாலும் முடியாது என்றால் அது விலக்கு. சுற்றுலாப் பயணிக்கு அந்த ஊரில் நாளை இல்லை, அவன் படகு ஏறிப் போய்விடுவான். ஆனால் அது அவனே தேர்ந்தது. அவனுக்கும் எங்கோ ஒரு ஊரில் முகம் பார்த்தே டீ போடுகிற ஒரு கடை இருக்கும். இன்னொன்றும் உண்டு. மக்சிக் யாரையும் பட்டினி போடவில்லை. எதிர்க்கடையில் சோறு இருந்தது. அவர் மறுத்தது ஒரு ருசியை மட்டுமே.

மலேசியாவில் நாம் காலைச் சாப்பாட்டைப் "பசியாறல்" என்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பசி ஆறுவதற்கு எந்தச் சோறும் போதும். ருசியைத் தேடிப் போகிறவனின் கோரிக்கைக்கு, வேலைக்கு நடுவே பசியாற வருகிறவனின் கோரிக்கை அளவுக்கு எடை உண்டா? இல்லை என்றே நினைக்கிறேன். "பொய் சொன்னாங்களே" என்றான் நண்பன். விற்பதற்கு இருந்தது முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் அது பொய் இல்லை. கூடையில் இருந்தவை அவர் மனதில் ஏற்கெனவே விற்றுப்போனவை.

நம் சிக்கல் எங்கே என்றால், இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறோம். பழந்தமிழில் விருந்து என்றால் புதுமை. புதிதாக வருகிறவரே விருந்தினர், அவரைப் பேணுவதற்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். ஆனால் விருந்தினருக்குத் தேர்வு கிடையாது, இலையில் வைத்ததைச் சாப்பிட வேண்டும். வாடிக்கையாளருக்குத் தேர்வு உண்டு, ஆனால் அவர் அன்பை எதிர்பார்க்க முடியாது. "உள்ளூர்க்காரங்க சாப்பிடுற இடம்" கேட்கிற நாம் வாடிக்கையாளரின் உரிமையோடு விருந்தினரின் அணுக்கத்தையும் காசுக்கு வாங்கப் பார்க்கிறோம்.

இதில் எனக்குத் தீராத சந்தேகம் ஒன்று இருக்கிறது. போன வாரம் வேலைக்கு வந்த, மலாய் பேச வராத ஒரு வங்காளதேசப் பையனுக்கு அந்தக் கூடையில் பொட்டலம் இருக்குமா? அவனுக்கு நாளை உண்டு. ஆனால் கூச்சம் அவனை மேசை அருகே விடுமா? பழக்கத்தின் நியாயம் பேசத் தெரிந்தவனுக்குச் சீக்கிரமும் தெரியாதவனுக்கு மெதுவாகவும் கிடைக்கிறது. பணத்தின் நியாயத்தில் இந்தக் குறை இல்லை. அதனால்தான் எதிரே அந்த மமாக் கடையும் வேண்டும் என்கிறேன். அங்கே யார் கை தூக்கி "பாஸ், ரொட்டி ஒன்னு" என்றாலும் ரொட்டி வரும்.

இன்னும் ஒரு பானை கூடுதலாக வைக்கலாமே என்று மக்சிக்கிடம் ஒரு முறை கேட்டேன். "அப்புறம் ஆள் வைக்கணும். ஆள் வச்சா எல்லாருக்கும் வித்தாகணும். மழைக்காலத்துல யாருக்கு விக்கிறது?" என்றார். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தீவுகள் அடங்கிவிடும், பயணிகள் வர மாட்டார்கள். அந்த மாதங்களில் அவர் மேசைக்கு வருகிறவர்கள் கூடையின் ஆட்கள் மட்டும்தான்.