ஒப்பீட்டுக்காக விடப்பட்ட பெண்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தடயம் காட்டிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் பேப் ஸ்மியர் பரிசோதனை வசதியான நாடுகளில் வெகுகாலமாகவே வழக்கத்தில் இருக்கிறது. இந்தியக் கிராமங்களுக்கு அது வந்து சேரவில்லை. செல்களைப் பார்த்துச் சொல்ல ஆய்வகமும் பழகிய கண்ணும் வேண்டும். முடிவு வந்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப்போய் அழைத்துவர ஆளும் வேண்டும்.

இதற்கு மாற்று தேடி, 1998 தொடங்கி மூன்று பெரிய ஆய்வுகள் வெளிநாட்டு நிதியோடு நடந்தன. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்ததற்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பணம் தந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், தமிழகத்தின் திண்டுக்கல் ஆய்வுகளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் கேட்ஸ் அறக்கட்டளையும் பங்கு கொண்டன. மும்பையிலும் திண்டுக்கல்லிலும் சோதித்த முறை மிக எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். மும்பையில் இதைச் செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், சில வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள்.

பலன் கிடைத்தது. திண்டுக்கல்லில் பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இலும், மும்பையில் 31 சதவீதம் குறைந்ததாக 2013-இலும் அறிவித்தார்கள். ஆனால் குறைந்தது என்று சொல்ல, குறையாத ஒரு கூட்டம் வேண்டும். மும்பையில் மட்டும் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். புற்றுநோயைப் பற்றி அவர்களுக்கு ஒருமுறை எடுத்துச் சொன்னார்கள், பரிசோதனை செய்யவில்லை. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்ற பதிவு மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் எரிக் சூபா இதைக் கடுமையாக எதிர்த்தார். பயன் தரும் என்று தெரிந்த பரிசோதனையைக் கொடுக்காமல் சாவை எண்ணியது தவறு என்பது அவர் வாதம். ஆய்வாளர்களின் பதிலையும் தள்ளிவிட முடியாது: அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே எந்தப் பரிசோதனையும் கிடையாது, ஆய்வு அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. சூபாவின் வாதத்தைப் பலவீனப்படுத்தும் ஓர் உண்மையும் உண்டு. உஸ்மானாபாத்தில் பேப் முறை, அமில முறை, இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான சோதனை மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2009-இல் வந்த முடிவின்படி, சாவைத் தெளிவாகக் குறைத்தது எச்.பி.வி. சோதனை மட்டுமே: இறந்தவர்கள் அந்தக் குழுவில் 34 பேர், பரிசோதனை பெறாத குழுவில் 64 பேர். ஆகவே எந்த முறை இந்த மண்ணில் பலிக்கும் என்ற ஐயம் உண்மையான ஐயம்தான்.

ஆய்வைத் தொடங்கியது குற்றமல்ல. ஆனால் ‘அவர்களுக்கு முன்பும் ஒன்றும் இல்லையே’ என்ற சமாதானம் ஏற்கத்தக்கதல்ல. இல்லாமை இயற்கையாக வந்ததல்ல, அரசு செய்யத் தவறியதால் வந்தது. அந்தத் தவறையே அளவுகோலாக்கினால், எங்கே மக்கள் அதிகம் கைவிடப்பட்டார்களோ அங்கே ஆய்வு நடத்துவது மலிவாகும், எளிதாகும். சிறந்ததென்று நிறுவப்பட்ட சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் பொதுவிதி வகுத்திருப்பது இந்தச் சரிவைத் தடுக்கத்தான். விதிவிலக்குக்கும் அதில் இடமுண்டு. அதைக் கேட்பவர்தான் காரணம் காட்ட வேண்டும், கையெழுத்திடும் ஏழைப் பெண் அல்ல.

ஒப்புதல் விஷயத்தில் தளர்வுக்கே இடமில்லை. ‘உங்களுக்குப் பரிசோதனை செய்யமாட்டோம், வேறிடத்தில் பேப் பரிசோதனை இருக்கிறது, விரும்பினால் போய்ச் செய்துகொள்ளலாம்’ என்று அவள் பேசும் மொழியில் சொன்னால்தான் அது ஒப்புதல்.

அதைவிடக் கனமானது காலக் கணக்கு. ஐயம் இருக்கும்வரைதான் காத்திருக்கச் சொல்லும் உரிமை. ஓரிடத்தில் விடை கிடைத்ததும், இன்னோரிடத்தில் காத்திருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லி, மீண்டும் அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். தன் ஆய்வு முடியட்டும் என்று ஆய்வாளர் பொறுத்திருக்கலாம்; நோய் பொறுத்திருக்காது.

இந்த ஆய்வுகளால் நன்மை விளையவில்லை என்று சொல்லவே முடியாது. தமிழக அரசு அமில முறைப் பரிசோதனையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. அதனால் பிழைத்த பெண்கள், பரிசோதிக்கப்படாமல் நின்ற பெண்களுக்குக் கடன்பட்டவர்கள். நிதி தந்த நாடும் நடத்திய நிறுவனமும் அதைவிட அதிகம் கடன்பட்டவை.

இனி இப்படி ஓர் ஆய்வுத் திட்டம் எந்த நெறிமுறைக் குழுவின் மேசைக்கு வந்தாலும், உறுப்பினர்கள் முதலில் தேட வேண்டியது ஒரு வரியைத்தான்: ஒப்பீட்டுக் குழுவில் உள்ள பெண்களுக்கு எந்த நாளில், யார் செலவில் பரிசோதனை கிடைக்கும்? அந்த வரி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.