பார்க்கப் போனவர்கள்

மாலையில் மக்கெய்சர் மைதானப் பக்கம் போனால், வென்ற பெடியனும் தோற்ற பெடியனும் ஒரே சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போவதைக் காணலாம். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கல்கத்தா நினைவு வரும்.

1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரு உதைபந்தாட்டக் கழகங்கள் மோதின. இறுதியாட்டம்கூட இல்லை, உள்ளூர் லீக் ஆட்டம்தான். இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பார்வையாளர் பகுதியில் கலந்திருந்தார்கள். களத்தில் இரண்டு வீரர்கள் மல்லுக்கட்ட, மத்தியஸ்தர் இருவரையும் வெளியேற்றினார். சண்டை மேலே தொற்றிக்கொண்டது. கல் பறந்தது, சனம் ஓடியது. நெரிசலில் 16 பேர் இறந்துபோனார்கள்.

ஆனால் 1967இல் மொன்டிவிடியோவில் செல்டிக்கும் ரேசிங் கழகமும் மோதிய கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தைத்தான் உலகம் இன்றும் ‘போர்’ என்கிறது. ஆறு பேரை வெளியேறச் சொன்னார்கள். ஒருவர் மறுத்து ஆடிக்கொண்டே இருந்தார். அங்கே அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஆட வந்தவர்கள். கல்கத்தாவில் செத்தவர்களோ பார்க்கப் போனவர்கள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவின் உதைபந்தாட்ட ரசிகர்கள் இரத்ததானம் செய்கிறார்கள்.