களப்புப் பறவையின் ஹக்கு

வலசைப் பறவைகளைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் இஸ்லாமியச் சிந்தனையில் மூன்று கேள்விகளைத் தொடுகின்றன. படைப்பை உற்றுப் பார்ப்பது வணக்கத்தில் சேருமா என்பது ஒன்று. உயிருள்ளதன் உருவத்தைப் படமாக்குவது ஆகுமானதா என்பது இரண்டு. படத்தில் அகப்படும் பறவைக்கு மனிதன்மீது ஏதும் ஹக்கு, அதாவது உரிமை, உண்டா என்பது மூன்று. முதலிரண்டும் அதிகம் பேசப்பட்டவை. கமெராவுடன் நீர்நிலைக்குப் போகிறவரைக் கேட்க வேண்டிய கேள்வி மூன்றாவதுதான்.

இந்தக் கேள்விகள் ஏட்டோடு நின்றுவிடாத இடம் அக்கரைப்பற்றும் அதைச் சூழ்ந்த அம்பாறைக் கரையோரமும். இலங்கை, மத்திய ஆசியப் பறவைத் தடத்தின் தென்முனை. அம்பாறைக் கரைக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் பறவைகளுக்கு இதற்கு அப்பால் தங்க நிலமில்லை. செப்டெம்பர் வாக்கில் வரத் தொடங்கி ஏப்ரலுக்குள் திரும்பும் அவற்றின் காலம், மாரி மழையோடும் பெரும்போகத்தோடும் பொருந்தி வருகிறது. வட்டையில் உழவு மெசின் சேற்றைப் புரட்டும்போது பின்னால் கொக்குகளும் மீசை ஆலாக்களும் திரளும். வரம்போரத்தில் பொறி உள்ளான் வாலை ஆட்டி ஆட்டி இரை தேடும். வெள்ளத்தை வடிக்க முகத்துவாரம் வெட்டப்பட்டால் களப்பின் நீர் இறங்கிச் சேற்றுத்திட்டு வெளிப்படும். நேற்றுவரை நீர்க்காகம் மூழ்கி எழுந்த இடத்தில் மறுநாள் காலை உப்புக்கொத்திகள் ஓடித் திரியும். கரையோடு தெற்கே போனால் கோமாரி, பொத்துவில் களப்புகளும், அவற்றுக்கும் அப்பால் 1938இல் சரணாலயமாக்கப்பட்டு 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த குமணவும் உள்ளன.

முதற் கேள்விக்குக் குர்ஆனிலேயே விடை தெளிவாக இருக்கிறது. வானில் சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கும்படி 67ஆவது அத்தியாயம் மனிதனைத் தூண்டுகிறது. அவற்றைத் தாங்கி நிற்பவன் யார் என்பதே அந்தப் பார்வை போய்ச் சேர வேண்டிய இடம். 16ஆவது அத்தியாயத்திலும் இதே கருத்து வருகிறது. ஆதமின் மகனுக்கு உடலைப் புதைக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு காகம். சுலைமான் நபிக்குத் தெரியாத செய்தியை ஸபாவிலிருந்து கொண்டுவந்தது ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்தி. இந்த வரலாறுகளில் பறவை அழகுப் பொருளாக வரவில்லை, மனிதனுக்குத் தெரியாததைத் தெரிந்த உயிராக வருகிறது. ஆகவே பறவையைப் பார்ப்பது மார்க்கத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று சொல்ல இடமில்லை. படைப்பைச் சிந்தித்துப் பார்த்தல், அரபியில் தஃபக்குர், வணக்கத்தின் பகுதியாகவே எண்ணப்பட்டு வந்திருக்கிறது. இனம் பிரித்தறிவதும் இதனோடு சேரும். எறும்பு, தேனீ, கொண்டலாத்தி, கீச்சான் ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) தடுத்ததாக அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. கொண்டலாத்தி இலங்கையின் வறண்ட வலயத்தில் வாழ்வது. பழுப்புக் கீச்சான் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து வேலியோரப் பற்றைகளில் தங்குவது. பறவையின் பெயரும் உருவும் தெரியாதவருக்கு இந்த ஹதீஸைக் கடைப்பிடிக்கவே வழியில்லை.

இரண்டாவது கேள்வியில் கருத்து வேறுபாடு உண்டு. உருவங்களை ஆக்குவோர் மறுமையில் அவற்றுக்கு உயிரூட்டும்படி பணிக்கப்படுவர் என்ற கருத்துடைய ஹதீஸ்கள் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளன. புகைப்படம் வந்தபோது இவை அதற்கும் பொருந்துமா என்ற விவாதம் எழுந்தது. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஇ, பொருந்தாது என்று வாதிட்டார். புகைப்படக்காரர் புதிதாக எந்த உருவத்தையும் ஆக்குவதில்லை. ஏற்கெனவே இருப்பதன் நிழலைத் தடுத்து வைக்கிறார், கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் போன்றதே அது என்பது அவர் நியாயம். அறிஞர் யூசுப் அல்கர்ளாவியும் புகைப்படத்தை ஆகுமானதாகக் கண்டார். சவூதி அறிஞர் இப்னு பாஸ் போன்றோர் அவசியத் தேவைக்கு மட்டுமே அதை ஏற்றனர்.

முஃப்தியின் நியாயத்தைத் தமிழ் வாசகர் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். தமிழில் அந்தப் பொருளுக்கு நிழற்படம் என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் அதே தமிழ், படத்தைப் ‘பிடிப்பது’ என்றும் சொல்கிறது. உருவத்தை ஆக்கவில்லை, நிழலைத்தான் பிடித்தோம் என்பதால் முதற் குற்றச்சாட்டு விலகலாம். பிடிக்கும்போது நிழலுக்கு உரிய உயிர் என்ன ஆயிற்று என்ற வினா அப்போதும் மிஞ்சுகிறது. ஆகும், ஆகாது என்ற விவாதம் முழுவதும் படமெடுப்பவருக்கும் படைத்தவனுக்கும் இடையில் நடப்பது. பறவை அதில் கேட்கப்படாத மூன்றாம் தரப்பு.

அந்த மூன்றாம் தரப்புக்கு ஹக்கு என்ற சொல்லையே ஒரு ஹதீஸ் பயன்படுத்துகிறது. ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ அதன் ஹக்கு இன்றிக் கொல்பவர் இறைவனால் விசாரிக்கப்படுவார் என்பது நஸாயீ தரும் அறிவிப்பின் கருத்து. அந்த ஹக்கு எதுவென்று கேட்டதற்கு, முறைப்படி அறுத்து உண்பதே, தலையை வெட்டி எறிந்துவிடுவதல்ல என்று விளக்கம் வருகிறது. இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: வேட்டையாடி உண்பதே ஆகுமாயின், வெறுமனே வெருட்டுவதில் என்ன பிழை? விடை அந்த ஹதீஸுக்குள்ளேயே இருக்கிறது. உயிரை எடுப்பதற்கான அனுமதி தேவையோடு கட்டுண்டது. தேவை நீங்கி விளையாட்டானால் அனுமதியும் நீங்கும். உயிருள்ள எதையும் அம்பெறியும் இலக்காக நிறுத்துவதை நபி (ஸல்) கண்டித்ததாக முஸ்லிமில் வருவதும் இதனாலேயே. படம் எவர் பசியையும் தீர்ப்பதில்லை. எனவே அதற்காகப் பறவைக்குத் தொல்லை தர, பசியின் பெயரால் கிடைக்கும் விலக்குக் கிடையாது.

வெருட்டுதல் சிறிய தொல்லை என்பது மனிதக் கணக்கு. பொறி உள்ளான் ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள பறவை. மார்ச், ஏப்ரலில் வடக்கே புறப்படுமுன் அது தன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். வழியில் எரிக்கப்போகும் எரிபொருள் அதுவே. கரைப்பறவைகள் சில, புறப்படும் வேளையில் வழமையான எடையைப் போல இரு மடங்கை நெருங்குகின்றன. கூட்டமாகப் பறக்கும் காட்சி வேண்டுமென்று ஒருவர் கைதட்டி எழுப்பினால், சேர்த்ததில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிறது, மேயும் நேரமும் போகிறது. ஒரே நாளில் நாலு பேர் அதையே செய்தால் நாள் முழுவதும் வீண். பறவை பறந்த பிறகுதான் தொந்தரவு தொடங்குகிறது என்றும் இல்லை. முதலில் கொத்துவதை நிறுத்தும்; பிறகு கழுத்தை நிமிர்த்தும்; மெல்ல விலகி நடக்கும்; கடைசியில்தான் எழும். ஹக்கு மீறப்படுவது அது கொத்துவதை நிறுத்தும் கணத்திலேயே.

கூடு கட்டும் உள்ளூர்ப் பறவைகளிடம் இது இன்னும் கடுமையாகிறது. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் திறந்த தரையில் முட்டையிடுபவை. ஆள் நெருங்கினால் தாய் எழுந்துவிடும். முட்டை வெயிலுக்கும் காகத்துக்கும் விடப்படும். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்தபோது தாய் தவித்துச் சிறகடித்ததையும், குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி நபி (ஸல்) பணித்ததையும் அபூதாவூத் பதிவு செய்கிறார். குஞ்சுகளுக்கு அப்போது காயமேதும் பட்டதாகச் செய்தியில் இல்லை. தாயின் தவிப்பே தீங்காக எடுத்துக்கொள்ளப்பட்டது.

கமெராவுக்குச் சார்பாகவும் வலுவான நியாயம் உண்டு. இந்தியாவின் பறவையியல் அறிஞர் சலீம் அலி (1896–1987) சிறுவயதில் சுட்ட மஞ்சள் கழுத்துக் குருவி ஒன்றே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு இட்டுச் சென்றது. அவர் காலத்தில் இனத்தை உறுதிசெய்யப் பறவையைச் சுட்டுத் தோலைப் பதப்படுத்துவதே வழக்கம். இன்று அந்த உறுதியைத் தெளிவான படமொன்று பெரும்பாலும் தந்துவிடுகிறது. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புப் போன்ற பணிகளுக்கும் படங்கள் சான்றாகின்றன. இலங்கையில் சில இனங்கள் நீங்கலாக எல்லாப் பறவைகளுக்கும் 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது; நீர்நிலையைக் காக்க வேண்டுமென்று வாதிட, அங்கே எது வருகிறது என்பதைக் காட்ட முடிய வேண்டும். துப்பாக்கிக்குப் பதிலாக வந்த கமெரா பறவைக்கு ஒரு ரஹ்மத்தாக, அருளாக, ஆகலாம். அது துப்பாக்கியைப் போல நடத்தப்படாதவரை.

பறவையின் ஹக்கு தனிமனித ஒழுக்கத்தோடு முடிவதில்லை. காலையில் வெறுவயிற்றோடு புறப்பட்டு மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு, இறைவன்மேல் சார்ந்திருத்தலுக்கு, உவமை காட்டும் ஹதீஸ் திர்மிதியில் உண்டு. பறவை கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, வெளியே போகிறது என்று உரையாசிரியர்கள் இதை விளக்குவர். போகும் இடம் இருந்தால்தானே போகலாம்? களப்போரம் மண்ணிட்டு நிரப்பப்பட்டாலோ குப்பைமேடானாலோ, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த பறவையின் ரிஸ்க்கை, இறைவன் அளிக்கும் உணவை, மனிதன் மறிக்கிறான். விவசாயியின் நிலை வேறு. விதைநெல்லைக் காக்கப் பறவையை விரட்டுபவருக்குத் தேவை இருக்கிறது. விரட்டியும் பறவை தின்றுவிட்ட தானியம் பயிரிட்டவருக்குச் சதகாவாக, தர்மமாக, எழுதப்படும் என்பது புகாரி, முஸ்லிம் தரும் ஆறுதல்.

மனிதன் உயர்ந்தவன் என்பதால் இதெல்லாம் அவன் விருப்பம் என்ற வாதத்தைப் பத்தாம் நூற்றாண்டிலேயே பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா அறிஞர் குழு ஒரு கற்பனை வழக்காக எழுதிப் பார்த்தது. ஜின்களின் அரசன் முன் விலங்குகளும் பறவைகளும் மனிதன்மீது முறையிடுகின்றன. அழகு, அறிவு, கைவினை என்று மனிதன் அடுக்கும் பெருமைகளுக்கெல்லாம் அவை பதில் சொல்லிவிடுகின்றன. இறுதியில் மனிதனுக்கு மிஞ்சுவது, மறுமையில் எழுப்பப்பட்டு விசாரிக்கப்படுபவன் அவன் என்ற நியாயமே. அவன் உயர்வு என்பது அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதாகிறது.

பறவைகள் மனிதரைப் போன்ற சமூகங்கள் என்று குர்ஆனின் 6ஆவது அத்தியாயம் கூறுகிறது. சிறகு விரித்த பறவைகளுக்கும் தத்தம் தொழுகையும் துதியும் தெரியும் என்பது 24ஆவது அத்தியாயத்தின் கருத்து. இதை ஃபத்வாவாக எடுக்காமல் ஒப்புமையாக எடுத்தால்கூட, களப்போரத்தில் நடந்துகொள்ள வேறு விதி தேவைப்படாது. தொழுதுகொண்டிருப்பவரின் குறுக்கே போகக்கூடாது என்பது பள்ளிவாசலுக்குப் போகும் சிறுபிள்ளைக்கும் தெரியும். அவசரமென்றால் சுற்றிப் போவார்கள், இல்லையென்றால் முடியும்வரை நிற்பார்கள்.