ஒரு வரி பொருந்தினால் போதுமா?

192, 3, 95, 214 என்ற நான்கு பைட்டுகளை எடுத்துக்கொள்வோம். பைனரி கோப்பைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியிடம் ‘இது 64-பிட் ஆர்ம் பிராசஸருக்கு உரியது’ என்றால், நான்கும் சேர்ந்து ஒரே கட்டளை: அழைத்த இடத்துக்குத் திரும்பு. 64-பிட் இன்டெல் வகை என்றால், முதல் மூன்றும் நினைவகத்திலுள்ள ஒரு பைட்டைச் சுழற்றும் கட்டளை ஆகிவிடும்; நான்காவது செல்லாது. எண்கள் அதேதான், பொருள்தான் வேறு. அப்படியானால் பொருள் வாசிப்பவர் கையில்தான் இருக்கிறதா? மறைநூல்களுக்கும் அவரவர் கொள்கைப்படி உரை சொல்லிக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் வாதம்.

தவறான பிராசஸரைச் சொல்லி வாசித்தாலும் ஓரிரு கட்டளைகள் ஒழுங்காகவே தோன்றும். ஆகவே ஓரிடம் பொருந்துவது சான்றாகாது. நீள வாசித்தால் செல்லாத கட்டளைகள் குவியும். தாவல்கள் இன்னொரு கட்டளையின் நடுவில் போய் விழும். ‘எல்ஃப் (ELF) வகைப் பைனரி கோப்பின் தலைப்பில் 62 என்றால் இன்டெல் வகை, 183 என்றால் ஆர்ம் என்று எழுதியே இருக்கிறது, மறைநூலுக்கு அப்படி அடையாளம் ஏது?’ என்று கேட்கலாம். சாதனங்களுக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் நிரல்கள் பலவற்றுக்கும் அந்தத் தலைப்பு கிடையாது. ஆய்பவர்கள் ஒவ்வொரு வகையாக வைத்துப் பார்த்து, கடைசிவரை குலையாமல் நிற்கும் வாசிப்பையே ஏற்கிறார்கள்.

மறைநூலிலும் இதே சோதனையை வைக்கலாம். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் அந்தாதியாகக் கோத்த நூல். அதற்கு முதன்மையான ஐந்து வியாக்கியானங்கள் உண்டு. அவற்றில் பன்னீராயிரப்படி பதம் பதமாகப் பொருள் சொல்கிறது. ஈடு என்ற வியாக்கியானம் விரிந்து, ஆழ்ந்து செல்கிறது. ஒரே பைனரியை ஒரு கருவி கட்டளை கட்டளையாகவும் இன்னொன்று சி மொழி போலவும் காட்டுவதைப் போல, இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். ‘ஐவரும் ஒரே சம்பிரதாயத்தவர், ஒத்துப்போவதில் வியப்பென்ன?’ என்பது நியாயமான மறுப்பு. அவர்களின் ஒற்றுமையை நான் சான்றாக வைக்கவில்லை. அவர்கள் ஏற்ற பொறுப்பையே வைக்கிறேன். முந்திய பாசுரத்திலிருந்து அடுத்தது ஏன் பிறக்கிறது என்று அவதாரிகை, அதாவது முன்னுரை, எழுதிக் காட்டியே அவர்களில் பலர் உரை சொல்கிறார்கள். அதனால் ஓரிடத்துக்குச் சொன்ன பொருள் அடுத்த இடத்திலும் நின்றாக வேண்டும். இயந்திர மொழிக்குக் கிடைக்கும் அறுதியான உறுதி இதில் கிடைக்காது. ஆனாலும் சரியையும் தவறையும் பிரித்துக் காட்ட இது போதும். இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உரையை, எவ்வளவு பெரியவர் சொன்னாலும் ஏற்கத் தேவையில்லை. அதைச் சுமந்து நிற்கும் உரையை, வேற்றுச் சமயத்தவர் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.