பூந்தொட்டியும் கொல்லா நோன்பும்

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் நம் முன்னோர் வாழ்ந்த இல்லங்களின் பின்கட்டில் நந்தியாவட்டையும் அரளியும் செம்பருத்தியும் அதிகப் பேணுதலின்றியே வளர்ந்தன. காலையில் அருகப் பெருமான் பூசனைக்கு நான்கு மலர் பறித்ததோடு அவற்றின்மேல் நமக்கிருந்த உரிமை முடிந்தது. இன்று நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களின் மாடிகளில் ஆந்தூரியமும் ஆர்க்கிடும் டேலியாவும் இடம் பிடித்துள்ளன. அழகின் பொருட்டு அயல்நாட்டுப் பூச்செடி வளர்ப்பது சாவகர்க்குத் தகுமா என அன்பர்கள் சிலர் வினவுகின்றனர். இஃது எளிய வினாவன்று.

செடி ஓரறிவுயிர். தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் அவ்வாறே வகுத்தார். நம் ஆகமங்களோ நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவுயிராகவே கொள்கின்றன. இல்லறத்தார் இவற்றை முற்றும் காத்தல் இயலாது என்பதாலேயே அவர்க்கு அணுவிரதம் விதிக்கப்பட்டது. அடுப்பெரிப்பதிலும் வீடு கட்டுவதிலும் நேர்வது ஆரம்ப இம்சை. கொல்லக் கருதியே செய்வது சங்கல்ப இம்சை. பூந்தொட்டி எதில் அடங்கும்? சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தாவரத்தைக் கொய்தல் முதலியவற்றை அநர்த்த தண்டத்துள் பிரமாதசரியை என வைத்துள்ளார். கண்ணுக்கு இன்பம் என்பது பயனாகுமா? ஆகும் என்போம், ஆனால், செடி வாழத்தக்க இடத்தில் அதனை வளர்க்கும்போது மட்டுமே.

இதனை நாம் பட்டறிந்தே கூறுகிறோம். டேலியா, மெக்சிகோ மலைநாட்டுச் செடி. உதகையின் குளிரில் செழிப்பது. ஒரு தை மாதத்தில் மூன்று தொட்டிகள் வாங்கி வைத்தோம். சித்திரை வெயிலில் மூன்றும் கருகின. அறியாது செய்தோம் என அவ்வாண்டு கூறிக்கொள்ளலாம். மறு தையிலும் வாங்கினோமே, அதற்கு என்ன பெயரிடுவது? (கிழங்கினை அனந்தகாயம் என்று அடுக்களைக்குள் விடாதவர் நம்மிற் பலர். டேலியா கிழங்கிலிருந்து முளைப்பது என்பதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவேயில்லை.)

ஆந்தூரியம் கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் ஈரக்காட்டு நிழலுக்குரியது. நம் மொட்டைமாடியில் அதனை நிறுத்துவது கொடுமை. அடீனியமோ ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்தது. நம் வெயிலை விரும்பி ஏற்கும், சிறிது நீரே போதும். மரக்கிளையில் தொற்றி வாழும் டெண்ட்ரோபியம் ஆர்க்கிடும், கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் இட்டு, நிழலும் காற்றும் ஈரமும் கொடுத்தால் பிழைக்கும். மண்ணில் புதைத்தால் வேர் அழுகும்.

இடர்ப்பாடு மிக்கது பூச்சி. செம்பருத்தித் தளிரில் மாவுப்பூச்சி அடைந்தவுடன் மருந்துப் புட்டியை நாடுகிறோம். அதனை ‘மருந்து’ என்றழைப்பதே நம்மை நாம் ஏமாற்றிக்கொள்வது. அழகுக்காக வைத்த ஓரறிவுயிரைக் காக்க, அதனினும் அறிவு மிக்க உயிரைத் தெரிந்தே மாய்ப்பதனை ஆரம்ப இம்சை என்று எவ்வாறு கூறுவது? மலர் நாடி வரும் நாலறிவுத் தேனீயும் அதில் மடியும். அண்டை வீட்டார்க்கு அப்புட்டியை இரவல் தருவதும் தீதே. நஞ்சும் படைக்கலமும் பிறர்க்கு அளித்தலை இம்சாதானம் என்று அதே நூல் விலக்குகிறது. செடிகளை நெருக்காது காற்றோட்டமாக வைத்தலும், உரத்தை மட்டாக இடுதலும் பூச்சியைப் பெரிதும் குறைக்கும். பின்னரும் வந்தால், அக்கிளையை நறுக்கிப் புதரோரம் வைக்கிறோம். அங்கே அவை பிழைக்குமென நாம் உறுதி கூறவில்லை. குறை உள்ள வழிதான் இது.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பிறக்கிறது. பிறக்கவிட்டுப் பின் புகையிட்டுக் கொல்வதினும், தேங்காமற் காப்பதே யத்தனாசாரம். இது அரைநிமிட வேலை.

அழகின் பொருட்டு அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து கொணர்ந்தவையே உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும். முன்னது நம் காடுகளிலும், பின்னது நம் ஏரிகளிலும் பரவி, எத்தனையோ உயிர்களின் இடத்தைப் பறித்துக்கொண்டன. தொட்டியில் மிகுந்ததைக் குளத்தில் வீசுவோர் இதனை நினைக்க வேண்டும்.

எண்ணிக்கைக்கும் அளவு வேண்டும் அன்றோ? பரிக்கிரகப் பரிமாணமாக நம் இல்லத்தில் பன்னிரண்டு தொட்டி என வரையறுத்துக்கொண்டோம். சென்ற திங்கள் பேத்தி ஓர் அடீனியக் கன்றுடன் வந்து நின்றாள். பதின்மூன்றாவது! டேலியா இருந்த தொட்டிகளில் ஒன்று வெறுமையாக இருப்பதை அவளே சுட்டிக்காட்டினாள்.