அபராதம் கட்டினால் கணக்குத் தீர்ந்ததா?



மோட்டார் வண்டியோ ஸ்கூட்டரோ இல்லாத வீடு அருகிவிட்ட இந்நாளில், குருக்களிடம் வரும் கேள்விகளில் ஒன்று இது: “சுவாமி, சாலையோரக் காமிரா என் வண்டியைப் படம் பிடித்துவிட்டது. அபராதம் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். அத்தோடு கணக்குத் தீர்ந்தது அல்லவா?” கேட்பவர் நல்லவர்தாம். ரசீது கையில் இருக்கிறது. மனமும் லேசாக இருக்கிறது. ஆனால் இந்தச் சிறு கேள்விக்குள் சட்டம் என்றால் என்ன, தண்டனை எதற்காக என்ற பெரிய விஷயம் அடங்கிக் கிடக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டு முதற்கொண்டு வேதசாஸ்திரிகளில் ஒரு சாரார் இவ்விதம் கற்பித்து வந்தார்கள்: நாட்டுச் சட்டங்களில் ஒரு வகை உண்டு, அவற்றை மீறுவது மனச்சாட்சிக்கு விரோதமன்று, பிடிபட்டால் தண்டத்தை முணுமுணுக்காமல் கட்டிவிட வேண்டும் என்பது மட்டுமே கடமை. பொதுக்காட்டில் விறகு வெட்டுவது, சுங்கம் கட்டாமல் சரக்குக் கொண்டுபோவது போன்றவற்றை உதாரணம் காட்டினார்கள். (குருமடத்தில் இந்தப் பாடம் நடக்கும் நாளில் மாணவர்கள் தூங்குவதில்லை!) மற்றொரு சாரார் இதை ஒப்பவில்லை. சட்டம் நியாயமானதானால் அது மனச்சாட்சியையே கட்டும். நியாயமற்றதானால் தண்டம் விதிக்கவும் அதற்கு அதிகாரமில்லை. நடுவில் மூன்றாவது ஒன்று எப்படி இருக்கக்கூடும் என்று அவர்கள் கேட்டார்கள். அந்த வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் சாலை விதி விறகு விதியைப் போன்றதல்ல. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 45 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், வேகம் ஒன்றரை மடங்குதான். மோதும் ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. குறுக்கே ஓடி வரும் குழந்தையின் எலும்புக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆகவேதான் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் இன்றைய உலகில் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், சமூகக் கடமைகளை அசட்டை செய்வோரைக் கண்டிக்கும்போது வேகக் கட்டுப்பாட்டு விதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஐந்தாம் கற்பனை கத்தியோடு நின்றுவிடுவதில்லை.

இவ்வளவும் ஓட்டுகிறவனுக்கு. அபராதம் வாங்குகிறவனுக்கும் மனச்சாட்சி உண்டா என்று கேட்க வேண்டாமா? இதற்கு அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரத்துக் கதை நல்ல பாடம்.

சிக்காகோ 2003இல், சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைத் தாமாகவே படம் எடுக்கும் காமிராக்களை நாற்சந்திகளில் நிறுத்தத் தொடங்கிற்று. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் வீட்டுக்குத் தபாலில் 100 டாலர் சீட்டுப் போய்ச் சேரும். 2013 முதல் பள்ளிக்கூடங்களுக்கும் பூங்காக்களுக்கும் அருகே வேகம் அளக்கும் காமிராக்களும் வந்தன. போலீஸ்காரர் கையால் பிடிபட்டால் குற்றம் ஓட்டுநரின் பதிவேட்டில் ஏறும். பல முறை ஆனால் உரிமமே போகலாம். காமிராவில் பிடிபட்டால் பதிவேட்டில் ஒன்றும் ஏறாது, பணம் மட்டும் கட்டினால் போதும். மேலே சொன்ன அந்தப் பழைய வகைச் சட்டத்தை அந்நகரம் இயந்திரத்தில் வார்த்து நிறுத்திவிட்டது என்றுகூடச் சொல்லலாம். பணக்காரனுக்கு அது சீக்கிரம் போவதற்கான ஒரு கட்டணம். ஏழைக்கு அப்படியல்ல; தவணை தவறினால் அந்த 100 டாலர் 200 ஆகும். வண்டி அபராதங்களையும் அவற்றின் மேல் ஏறிய தண்டத்தொகையையும் கட்ட வழியின்றிக் கடன் தீர்ப்பு நீதிமன்றத்தை நாடிய குடும்பங்கள் அந்நகரில் ஆயிரக்கணக்கில் உண்டு.

அங்கே நடந்த ஊழலை நீட்டிச் சொல்ல மனமில்லை. காமிரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய நகர அலுவலர் ஒருவருக்கு 2016இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. திருட்டு திருட்டுதான், அதில் ஆராய ஒன்றுமில்லை. ஆராய வேண்டியது 2014இல் நடந்தது. மஞ்சள் விளக்கு குறைந்தது 3 வினாடி எரிய வேண்டும் என்பது அங்கே விதி. ஒப்பந்தக்காரர் மாறிய சமயத்தில், 2.9 வினாடியே எரிந்த விளக்குகளிலும் சீட்டு அனுப்பலாம் என்று நகர நிர்வாகம் அளவை இளக்கிவிட்டது. ஒரு வினாடியில் பத்திலொரு பங்கு! மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் கார் அதற்குள் நாலரை அடி தூரம்கூட நகராது. ஆனால் அந்த இளக்கத்தால் சுமார் 77,000 சீட்டுகள், சுமார் 77 லட்சம் டாலர் என்று அந்நகரின் தலைமைக் கண்காணிப்பு அலுவலகமே அறிக்கை வெளியிட்டது. இதில் யாரும் சட்டைப்பையில் பணம் போட்டுக்கொள்ளவில்லை. ஆயினும் நகரம் எதை விரும்பிற்று என்பதைப் பாருங்கள். வண்டி நிற்க வேண்டும் என்று விரும்பியிருந்தால் மஞ்சள் விளக்கை நீட்டியிருக்கும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல் ஆயிற்று.

பிறகு 2021 மார்ச்சு முதல் தேதியிலிருந்து, வேக வரம்பை 6 மைல், அதாவது ஏறக்குறைய 10 கிலோமீட்டர், தாண்டினாலே 35 டாலர் என்ற ஏற்பாடு வந்தது. அதுவரை 10 மைல் தாண்டினால்தான் சீட்டு. இது உயிர்களைக் காக்கவே என்றார் அப்போதைய மேயர் லோரி லைட்ஃபுட். ஆனால் அந்த யோசனை பிறந்ததோ, பெரும் பற்றாக்குறையோடு வந்த அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்துக்குள்! மக்களுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பென்ன? இதை ரத்து செய்யும் முயற்சி 2022 ஜூலையில் நகரசபையில் 18க்கு 26 என்று தோற்றது.

மேயர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இலினாய் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வொன்று அதே 2022இல் வெளிவந்தது. வேகக் காமிராக்களால் உயிர்ச்சேதமும் பலத்த காயமும் விளைவிக்கும் விபத்துகள் ஏறக்குறைய 12 விழுக்காடு குறைந்தன என்று அது கண்டது. அந்தப் 12 விழுக்காடு என்பது யாரோ சில தாய்மார்களின் பிள்ளைகள். காமிராவே வேண்டாம் என்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மறுபுறம், கறுப்பினத்தவரும் இஸ்பானிய வம்சத்தவரும் மிகுதியாக வாழும் பகுதிகளில், வெள்ளையர் பகுதிகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விகிதத்தில் சீட்டுகள் போயின என்பதும் அவ்வாண்டே பத்திரிகை ஆய்வில் தெரியவந்தது. காமிராவுக்கு நிறம் தெரியாது. ஆனால் அப்பகுதிகளின் காமிராக்கள் பல, நெடுஞ்சாலைகளுக்கு அண்மையில், நான்கு வரிசையாக வண்டி போகும் அகலத் தெருக்களில் நிற்கின்றன. தெருவை அகலமாகப் போட்டு “வேகமாக வா” என்று அழைப்பதும் நகரசபை. அழைப்பை ஏற்று வந்தவனிடம் பணம் வாங்குவதும் நகரசபை. தெருவைக் குறுக்குவதற்குச் செலவாகும், காமிராவோ வரவு தரும்.

ஓட்டுகிறவனைப் பிடித்த நோயும் நகரத்தைப் பிடித்த நோயும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவன் “பணம் கட்டினால் போதும்” என்கிறான். நகரமும் “பணம் கட்டினால் போதும்” என்கிறது. தண்டனை விலையாக மாறிவிட்டது. விலையென்றால் விற்பவனுக்கு வியாபாரம் குறையக் கூடாது என்ற ஆசை வருவது இயல்பு. நல்ல காமிராவோ ஒரு சீட்டும் அனுப்பாத நாளில்தான் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்த நாளைக் கண்டு கணக்கதிகாரி முகம் வாடுமானால் ஏற்பாட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, காமிரா நிறுத்துகிற உள்ளூர்க் குழுக்களே அபராதப் பணத்திலிருந்து தங்கள் செலவை எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை இருந்தது. 2007இல் அதை நிறுத்திவிட்டார்கள். அது விவேகம். பின்லாந்து தேசத்தில் பெரிய வேகக் குற்றங்களுக்கு அவனவன் வருமானத்தைப் பார்த்தே அபராதத்தை அளக்கிறார்கள். அங்கே பணக்காரன் அதைக் கட்டணம் என்று நினைத்துச் சிரிக்க முடியாது.

நம் நாட்டிலும் 2019இல் செய்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இத்தகைய காமிராக்களுக்கு இடம் வகுத்தது. நம் ஊர்ச் சபைகள் இவற்றுக்குப் பணம் ஒதுக்கும்போது, வாக்களித்த நீங்கள் கேட்க உரிமையுள்ள கேள்வி, இதனால் எவ்வளவு வசூலாகும் என்பதன்று. இந்தத் திருப்பத்தில் இதுவரை எத்தனை பேர் விழுந்தார்கள், வசூல் நின்றுபோனாலும் காமிரா நிற்குமா என்று கேளுங்கள்.

இனி நம் நண்பரின் ரசீதுக்கு வருவோம். ஒருவர் நடு இரவில், ஆளில்லாத நேர்ச்சாலையில், வரம்பைச் சற்றே தாண்டிப் படத்தில் விழுந்தார், கட்டிவிட்டார். மற்றொருவர் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளைகள் நடுவே வேகமாகப் போனார், அங்கே காமிரா இல்லை, யாரும் விழவுமில்லை. முன்னவரைப் பாவசங்கீர்த்தனத்துக்கு வர வேண்டுமென்று நான் நெருக்க மாட்டேன். பின்னவர் அவசியம் வரட்டும். வரும்போது, அந்தப் பள்ளி வாசலில் வேகத்தடை போடக் கேட்டு நகரசபைக்கு ஒரு விண்ணப்பமும் எழுதிக்கொண்டு வந்தால் நல்லது. அதில் கையெழுத்துப் போட நானும் தயாராயிருக்கிறேன்.